ஊர்க் கடையில் பிஸ்கட் எப்போதும் இருக்கிறது, கீரை ஏன் இல்லை?

காரிமங்கலத்துக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். தர்மபுரி மாவட்டத்தில் காரிமங்கலத்துக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். மளிகைக் கடைகள் நாலைந்து, டீக்கடைகள், ஒரு பேக்கரி, ஒரு ரேஷன் கடை, அவ்வளவுதான். அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு இரத்தச்சோகை. ரெண்டு பேருக்கும் டாக்டர் சொன்ன சாப்பாட்டை ஊரிலேயே வாங்கிச் சமைக்க முடியுமா என்று கடை கடையாகப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

கடையில் கிடைப்பது வெங்காயம், உருளைக்கிழங்கு, தக்காளி, பூண்டு, சில நாள் வாடிய கத்திரிக்காய். பழத்தில் வாழைப்பழம் மட்டும். பருப்பு வகைகளும் முட்டையும் எப்போதும் இருக்கின்றன. கீரை இல்லை, அவரை, பீர்க்கங்காய் இல்லை, கொய்யா இல்லை. ஆனால் வாசலில் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. உள்ளே பிஸ்கட், நூடுல்ஸ், கலர் கலராக குளிர்பானம். இவை ஒருநாளும் தீர்ந்து போவதில்லை.

நம் மாவட்டம் ராகிக்கும் சாமைக்கும் பேர்போனது. பாலக்கோடு பக்கம் விளையும் தக்காளி லாரி லாரியாக வெளியூர் போகிறது. அதே ஊரின் கடையில் முழு ராகி கிடைக்கவில்லை. ராகி படம் போட்ட பிஸ்கட் இருந்தது. பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, அதற்கப்புறம் பாமாயில், அதற்கும் பின்னால்தான் ராகி. எந்தப் பொருள் எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். எல்லோரும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி, கீரை, அதோடு 100 கிராம் பழம் என்று இருக்கிறது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு அது தினமும் 1.6 கிலோ காய். கிலோ சராசரியாக 40 ரூபாய் என்று வைத்தாலும் காய்க்கு மட்டும் 64 ரூபாய், பழம் தனி. நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு 2025-26இல் அறிவித்த நாள்கூலி 336 ரூபாய். கூலியில் ஐந்தில் ஒரு பங்கு காய்க்கே போய்விடும். சரி, அந்தக் காசைக் கொடுக்கத் தயாராக இருப்பவருக்காவது கடையில் காய் இருக்க வேண்டாமா?

கடைக்காரர்களைக் குறை சொல்வதற்காக இதைத் தொடங்கவில்லை. சரக்கை யார் கடை வாசலுக்குக் கொண்டு வருகிறார்கள், கெட்டுப்போனால் நஷ்டம் யார் தலையில் விழுகிறது, இந்த ரெண்டில்தான் விஷயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கடை வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

சந்தைமேட்டுக் கடை:
வணக்கம்மா. நான் கடைதான் வைத்திருக்கிறேன், அரூர் பக்கம். நீங்கள் கடைசியில் கேட்டதற்கே பதில் சொல்கிறேன்.

பிஸ்கட், சிப்ஸுக்கு வாராவாரம் கடை கடையாகச் சரக்கு இறக்கும் லைன் வண்டி வருகிறது. சேல்ஸ்மேன் பையன் வந்து போனில் ஆர்டர் போடுவான், சரக்கு வாசலில் இறங்கும். பணம் அடுத்த வாரம் கொடுத்தால் போதும். தேதி முடிந்தது, எலி கடித்தது என்றால் பெரும்பாலும் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். மாட்டுவதற்குக் கம்பியும் அவர்களே கொடுப்பார்கள். குளிர்பானக் கம்பெனிக்காரர்கள் ஃப்ரிட்ஜே கொடுப்பார்கள், அதில் அவர்கள் பாட்டில்தான் இருக்க வேண்டும் என்று நிபந்தனை. நான் அதில் பாலும் தயிரும் வைத்ததற்குச் சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள்.

காய்க்கு என்ன நிலைமை? விடியற்காலை இருட்டோடு கிளம்பி மார்க்கெட் போக வேண்டும். கையில் ரொக்கம் வேண்டும். பெட்ரோல் என் செலவு. மூட்டையில் அடியில் இருப்பது அழுகலா என்று பிரித்துப் பார்க்க விடமாட்டார்கள். கீரை காலையில் பத்து கட்டு வைத்தால் மதியம் பன்னிரண்டு மணிக்குத் துவண்டுவிடும், மீதி மாட்டுக்கு. வாங்குகிறவர்களில் பாதிப்பேர் நோட்டில் எழுதச் சொல்வார்கள். பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டைக் கடனில் கொடுத்தால் எனக்குச் சேல்ஸ்மேன் கடன் இருக்கிறது. தக்காளியைக் கடனில் கொடுத்தால் என் கைக்காசு.

முகூர்த்த நாளில் விலை ஏறும். அன்றைக்கு நான் கொள்ளையடிப்பதாக ஊரே பேசும். இத்தனைக்கும் நடுவில் காய் வைப்பது ஊர்க்காரர்கள் முகத்துக்காகத்தான். லாபத்துக்காக இல்லை.

ராயக்கோட்டை உழவன்:
அண்ணா சொன்னது அப்படியே உண்மை. எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

தக்காளி பறிப்பு என்றால் ஒரே நாளில் பெட்டி பெட்டியாக இறங்கும். அதை அன்றைக்கே அனுப்பியாக வேண்டும். மண்டிக்காரர் நாற்றுக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுத்திருப்பார், காயை அவரிடம்தான் போட வேண்டும். உள்ளூர்க் கடைக்கு வேண்டியது ஐந்து கிலோவோ பத்து கிலோவோ. அதற்காக ஆள் அனுப்பி, தராசு வைத்து, அஞ்சும் பத்துமாகக் காசு வாங்க எங்களுக்கு நேரம் இல்லை. அதனால் காய் தோட்டத்திலிருந்து மண்டிக்குப் போய், அங்கே ஏலம், கமிஷன், ஏற்றுக்கூலி எல்லாம் சேர்ந்து திரும்ப எங்கள் ஊர்க் கடைக்கே வருகிறது. விலை படுத்துவிட்டால் பறிக்கிற கூலிகூடக் கிடைக்காது என்று செடியிலேயே விடுகிறோம், சாலையோரம் கொட்டுகிறோம். அதே வாரம் ரெண்டு கிலோமீட்டர் தள்ளி உள்ள கடையில் தக்காளிக்குக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். நினைத்தால் வயிறு எரிகிறது.

பழையகளம்:
நண்பர்களே, இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? ஜனங்கள் கேட்டால் கடைக்காரர் வைக்கப்போகிறார். கேட்பதில்லை, அதனால் இல்லை. என் சின்ன வயதில் காயைக் கடையில் வாங்கியதாகவே ஞாபகம் இல்லை. கொல்லையில் அவரைப் பந்தல், பரங்கிக்கொடி, வரப்போரம் பண்ணைக்கீரை. நாக்கு மாறிவிட்டது, அதுதான் காரணம்.

காரிமங்கலத்துக்காரி:
ஐயா, உங்கள் காலத்துக் கொல்லை இப்போது எத்தனை வீட்டுக்கு இருக்கிறது? எங்கள் தெருவில் பாதி வீடு காலனி வீடு, சுவரோடு சுவர். போர்வெல் ஆயிரம் அடிக்குப் போய்விட்டது, குடத்துத் தண்ணீரில் பந்தல் வளர்க்க முடியாது. வரப்போரக் கீரையும் களைக்கொல்லி அடித்த பிறகு பறிக்கப் பயமாக இருக்கிறது. பெண்கள் விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறி ஓசூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறார்கள், இருட்டிய பிறகு இறங்குகிறார்கள். இறங்கும் நேரத்தில் திறந்திருக்கிற கடையில் எது இருக்கிறதோ அதுதான் அன்றைக்குச் சமையல். அந்தக் கடையில் நூடுல்ஸும் முட்டையும் இருந்தால் நூடுல்ஸும் முட்டையும்தான். இதை நாக்கு மாறிய கதையாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

கேட்பதில்லை என்கிறீர்கள். வாரச்சந்தை அன்று போய்ப் பாருங்கள், அதே பெண்கள் பை நிறையக் காயும் கீரையும் வாங்குகிறார்கள். ரெண்டு நாளில் கீரை தீர்ந்துவிடும், நாலாம் நாள் காயும் தீர்ந்துவிடும். அடுத்த சந்தை வரை வெறும் ரசம், உருளைக்கிழங்கு.

பழையகளம்:
களைக்கொல்லி விஷயம் ஏற்றுக்கொள்கிறேன் அம்மா. ஆனால் முருங்கைக்கு இடமும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். ஒரு போத்து, அதாவது கிளைத்துண்டு, நட்டால் போதும். அதையும் கம்பளிப்பூச்சி வருகிறது என்று வெட்டிவிட்டார்கள். இதில் என் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

வீடுதேடும் அக்கா:
நான் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வேலை செய்கிறேன். 2021 ஆகஸ்ட்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் இந்தத் திட்டம் தொடங்கியது. சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். மாத்திரை மலைமேல் உள்ள வீட்டுக்கும் போய்ச் சேர்கிறது. "காய் நிறையச் சாப்பிடுங்க, சோறு குறைங்க" என்று கூடவே சொல்கிறோம். "எங்கம்மா இருக்கு காய்?" என்று திருப்பிக் கேட்டால் எங்களிடம் பதில் இல்லை.

2019-21இல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தச்சோகை. 2023இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில் மாநிலத்தில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. இது பட்டணத்து நோய் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நான் போகும் தெருக்களில் வந்து பாருங்கள்.

நான் இப்போது வேறு மாதிரிச் சொல்கிறேன். கடையில் ஏற்கெனவே இருப்பதிலேயே நல்லதைப் பொறுக்கச் சொல்கிறேன். முட்டை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கொள்ளு, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, வாழைப்பழம். பிள்ளைக்குக் கொடுக்கிற பத்து ரூபாயில் சிப்ஸுக்குப் பதில் ஒரு முட்டையோ வறுத்த கடலையோ வாங்கலாம். பயறை ஊறவைத்து முளைகட்டினால் ஓரளவு வைட்டமின் சி வருகிறது, காய் இல்லாத நாளுக்கு அது உதவும். பழையகளம் ஐயா சொன்ன முருங்கையை நானும் விடாமல் சொல்கிறேன். அதோடு ஒரு எலுமிச்சம்பழமும் பிழிந்துகொள்ளச் சொல்வேன், இரும்புச்சத்து உடம்பில் சேர அது உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தச் சத்து சரியாகச் சேராது, அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாமக்கல்_வெள்ளை:
அக்கா முட்டையைச் சொன்னதால் எழுதுகிறேன். முட்டை எல்லா ஊர்க் கடைக்கும் எப்படி வருகிறது என்று பார்த்தாலே கீரை ஏன் வருவதில்லை என்பது புரிந்துவிடும். எங்கள் பக்கம் பண்ணையிலிருந்து வண்டி கிளம்பினால் வழியில் உள்ள ஒவ்வொரு கடையிலும் அட்டை இறக்குகிறது. ஓர் அட்டைக்கு 30 முட்டை, எண்ணத் தேவையில்லை, எடை போடத் தேவையில்லை. முட்டை ஒருங்கிணைப்புக் குழு விலையை அறிவித்துவிடுகிறது, அதனால் பண்ணை விலை எல்லோருக்கும் தெரியும். ஃப்ரிட்ஜ் இல்லாமல் ரெண்டு வாரம் கிட்டத்தட்ட தாங்கும். காலி அட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள். ஆக, நல்ல சாப்பாட்டுப் பொருளைச் சின்னக் கடைக்குக் கொண்டுபோக முடியாது என்பதில்லை. ஒரு ஏற்பாடு இருந்தால் போகிறது.

சந்தைமேட்டுக் கடை:
தம்பி சரியாகச் சொன்னார். ஆவின் பாலும் அப்படித்தான், விடியும்போது டப் வாசலில் இருக்கும். பால் வண்டியிலேயே ரெண்டு கூடை காய் வந்தால் நான் தினமும் எடுப்பேன்.

கோத்தகிரி குளிர்:
ரேஷன் கடையை யாரும் பேசவில்லையே. நம் மாநிலத்தில் கடைக்கோடி ஊருக்கும் சரக்கு கொண்டுபோகும் ஏற்பாடு என்றால் அதுதான். 2023இல் நீலகிரியிலும் தர்மபுரியிலும்தான் சோதனையாக அரிசிக்குப் பதில் கார்டுக்கு 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். எங்கள் வீட்டில் வாங்கினோம். ஒரு நடைமுறைக் கஷ்டம் மட்டும்: முழு தானியமாகத்தான் தருகிறார்கள், கல் பொறுக்கி, கழுவிக் காயவைத்து மில்லுக்குக் கொண்டுபோக வேண்டும். இங்கே மழைக்காலத்தில் காயவைப்பது பெரும்பாடு. பக்கத்தில் இருந்த மாவு மில்லும் மூடிவிட்டது. தானியம் கொடுத்தால் மட்டும் போதாது, அரைக்கிற இடமும் வேண்டும். மகளிர் குழுவுக்கு ஒரு சின்ன அரவை இயந்திரம் கொடுத்து ரேஷன் கடைப் பக்கத்திலேயே வைத்தால் இன்னும் எத்தனையோ பேர் வாங்குவார்கள்.

இன்னொன்று. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைப்பது ஏழை வீட்டுக்குப் பெரிய விஷயம், அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அந்த இடத்தில் கடலை எண்ணெயோ தேங்காயெண்ணெயோ கொடுக்கச் சொல்லி விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நம் ஊர் நிலக்கடலை நம் ஊர் ரேஷன் கடைக்கு வந்தால் ரெண்டு பக்கமும் நல்லது.

ராயக்கோட்டை உழவன்:
ராகிக்கு 2024-25இல் மத்திய அரசு வைத்த ஆதரவு விலை குவிண்டால் 4,290 ரூபாய். கொள்முதல் நிலையத்தில் அந்த விலைக்கு எடுத்தால் எங்களுக்குத் தெம்பு. தக்காளி மாதிரி ஒரு நாளில் விழுகிற பயிர் இல்லை. குதிரில் போட்டால் வருஷக்கணக்கில் பூச்சி விழாமல் கிடக்கும். கடையில் வைக்க இதைவிட நல்ல பொருள் ஏது?

மாவுமில் வாரிசு:
முழு ராகி கிடக்கும், சரிதான். மாவு அப்படி இல்லை. அதிலும் கம்பு மாவு அரைத்த சில நாளிலேயே கசந்துவிடும், அதில் உள்ள கொழுப்பு சீக்கிரம் கெட்டுச் சிக்கு வாடை அடித்துவிடும். அதனால்தான் கடைக்காரர்கள் கம்பு மாவு வைக்கப் பயப்படுகிறார்கள். முழு தானியத்தைக் கடை வைக்கட்டும், வேண்டும்போது வேண்டிய அளவு அரைத்துக்கொள்ளட்டும். சாமை, தினையில் பட்டை தீட்டத் தீட்டப் பளபளவென்று இருக்கும், நார்ச்சத்து போய்விடும். வாங்கும்போது கொஞ்சம் மங்கலாக இருப்பதை வாங்குங்கள்.

காரிமங்கலத்துக்காரி:
கோத்தகிரி, மாவுமில் ரெண்டு பேரும் சொன்னது ரொம்ப உதவி. ராகியில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது, அரிசியில் அதில் சொற்பம்தான். அம்மாவுக்கு அதற்காகவே வேண்டும். அப்பாவுக்கு ராகிக் களி தாராளமாகக் கொடுக்கலாம்தானே?

வீடுதேடும் அக்கா:
தாராளமாக வேண்டாம் தங்கச்சி. ராகியிலும் மாவுச்சத்து கிட்டத்தட்ட அரிசி அளவுக்கு இருக்கிறது. கூழாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை சட்டென்று ஏறும். களியென்றால் ஒரு சின்ன உருண்டை, கூடவே கீரைக் கடைசலோ கொள்ளுப் பருப்போ நிறைய. "சிறுதானியம்தானே" என்று மூணு உருண்டை சாப்பிட்டுவிட்டு சர்க்கரை ஏறி வருகிறவர்களைப் பார்க்கிறேன். டாக்டரிடம் ஒரு தடவை அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாம்வகுப்பு ஆசிரியர்:
நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் கேட்டுக்கு எதிரிலேயே பெட்டிக்கடை. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020லேயே உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிமுறை வந்துவிட்டது. அந்தக் கடை நடத்துவது கணவரை இழந்த ஒரு அம்மா. சட்டத்தைக் காட்டிக் கடையை மூடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தலைமையாசிரியரும் நானும் பேசியதில் இப்போது அவித்த கடலை, மாங்காய், நெல்லிக்காய், கொய்யா வைக்கிறார். சிப்ஸ் சரத்தை எடுக்கவில்லை. நெல்லிக்காய் தினமும் காலியாகிறது. காலையில் அரசின் காலை உணவு, மதியம் முட்டையோடு சத்துணவு என்று பள்ளிக்குள் பிள்ளைகள் நன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள். நாலு மணிக்கு மணி அடித்த பிறகுதான் பிரச்சினை.

தள்ளுவண்டி நேயன்:
2021 மே மாத ஊரடங்கில் அரசே காய்கறி வண்டிகளைத் தெருத்தெருவாக அனுப்பியது ஞாபகம் இருக்கிறதா? தோட்டக்கலைத் துறை, கூட்டுறவுத் துறை எல்லாம் சேர்ந்து செய்தார்கள். அவசரத்துக்கு முடிந்தது சாதாரண நாளில் வாரம் மூன்று முறையாவது ஏன் முடியாது? உழவர் சந்தை 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கியது, அருமையான திட்டம். ஆனால் அது நகரத்துக்காரருக்குத்தான் பக்கம். தர்மபுரி உழவர் சந்தைக்கு ஒரு கிராமத்துப் பெண் போய்வர டவுன் பஸ் இலவசம்தான், அரைநாள் கூலியை யார் தருவார்கள்?

சந்தைமேட்டுக் கடை:
வண்டி வந்தால் என் கடைக்காய் விற்காது, அதையும் யோசியுங்கள். வருகிற வண்டி கடைக்கு இறக்கட்டும், கடை மக்களுக்கு விற்கட்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தக்காளி வேண்டும் என்று வருகிற பிள்ளைக்கு வண்டி நிற்காது, நான்தான் நிற்பேன்.

ராயக்கோட்டை உழவன்:
அண்ணா, உங்களுக்குத் தினமும் எவ்வளவு என்று முந்தின நாள் சாயங்காலமே தெரிந்தால் எங்கள் பக்கம் நாலைந்து பேர் சேர்ந்து கொடுக்கலாம். மண்டிக்குப் போகும் டெம்போ உங்கள் மாதிரிக் கடைகள் வழியாகத்தான் போகிறது. ரெண்டாம் தரக் காய்க்கு மண்டியில் மதிப்பே இல்லை, கொஞ்சம் கோணலாக இருக்கும், ருசியில் குறை கிடையாது. அதை மண்டி விலைக்குக் கொடுத்தால்கூட எங்களுக்குக் கமிஷன் மிச்சம்.

சந்தைமேட்டுக் கடை:
முந்தின நாளே சொல்ல வேண்டுமென்றால் வாங்குகிறவர்கள் எனக்குச் சொல்ல வேண்டும். எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் சாயங்காலம் ஏழு மணிக்குள் நாளைக்கு வேண்டியதைப் போடச் சொல்லிப் பார்க்கிறேன். போட்டவர் வாங்கியே ஆக வேண்டும். போன் இல்லாதவர்கள் கடையில் நோட்டில் எழுதிவிட்டுப் போகட்டும். முதலில் தக்காளி, கத்திரி, அவரை. வாங்காமல் நின்றுவிட்ட காயை என்ன செய்வது?

ராயக்கோட்டை உழவன்:
பாதி நஷ்டம் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். மறுநாள் பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.

காரிமங்கலத்துக்காரி:
இந்த ஒரு வரிக்காகத்தான் இழையைத் தொடங்கினேன் என்று சொல்வேன். கம்பெனிக்காரர் எக்ஸ்பயரி சரக்கைத் திருப்பி எடுக்கிற மாதிரி காய்க்கும் யாராவது நஷ்டத்தில் பங்கு எடுத்தால் கடைக்காரர் தைரியமாக வைப்பார். இந்தப் பாதியை விவசாயி தலையில் நிரந்தரமாகக் கட்டுவதும் நியாயமில்லை. கூட்டுறவுச் சங்கமோ மகளிர் திட்டமோ கடைக்கு மாதம் ஒரு சின்னத் தொகையைக் காய் கழிவுக்கென்று ஒதுக்கலாம். மறுநாள் மீந்த காயை அங்கன்வாடிக்கும் சத்துணவுக் கூடத்துக்கும் வாங்கிக்கொள்ள முடியுமா என்று ஊராட்சியில் கேட்டுப் பார்க்கப் போகிறேன். வாடாத காய் மட்டும்தான், பிள்ளைகளுக்குக் கழிவைக் கொடுக்கச் சொல்லவில்லை.

எங்கள் ஊர்க் கடை அண்ணனிடம் இந்த இழையைக் காட்டினேன். முழு ராகி ஒரு மூட்டை, கொள்ளு அரை மூட்டை வைக்க ஒத்துக்கொண்டார், நாலு வீட்டார் முன்பணம் கொடுத்திருக்கிறோம். கீரைக்கு மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டார்.

வீடுதேடும் அக்கா:
கீரையை வேரோடு பிடுங்கி ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் சாயங்காலம் வரை தாங்கும். அரிந்து கட்டியதுதான் சீக்கிரம் துவளும். எங்கள் ஊரில் ஒரு பாட்டி அப்படித்தான் விற்கிறார். கம்பெனி பஸ் இறங்குகிற நேரத்துக்கு மட்டும் பத்து கட்டு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

காரிமங்கலத்துக்காரி:
பஸ் நிறுத்தமும் கடைக்கு எதிரில்தான் அக்கா. கீரை போடுகிற வீடு ஒன்று ஏரிக்கரையில் இருக்கிறது. நாளைக்கே போய்க் கேட்கிறேன்.